போத்தலுக்குள் ஒரு பிடி மண்

"எங்களிட்ட இப்ப ஒரு பரப்புக் காணியும் இல்லை. பிள்ளைக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

வவுனியா மாவட்டத்தில் உறவினர் ஒருவரின் வளவில் குடியிருக்கும் ஒரு தாய் எம்மிடம் இப்படிக் கேட்டார். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம் அது. அப்போது அவருக்கு ஆறு வயது. 1995 ஐப்பசி இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்களும் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தார்கள். இன்று அவருடைய மகனுக்கு ஆறு வயது. பிள்ளை ஊரைப் பார்த்ததில்லை. ஊர்க் காணி விடப்பட்டுவிட்டது. ஆனால் வீடு இல்லை, கிணற்றுக்குள் மரம் முளைத்திருக்கிறது.

அந்தத் தாயின் தகப்பனார் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். பாத்தியில் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையால் பொத்திப் பார்த்து, இன்றைக்கு இறைக்க வேண்டுமா, நாளைக்குப் பொறுக்கலாமா என்று சொல்லிவிடுவாராம். முதுமையில் இப்போது திண்ணையில் இருக்கிறார். பேரனுக்கும் அவருக்கும் இடையில் பேச அதிகம் எதுவும் இல்லை.

இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது வீடு, மாடு, இயந்திரம், பனை, தென்னை என்று எழுதுகிறோம். தகப்பன் பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுத்த மண்ணறிவை எந்தப் படிவத்திலும் எழுதுவதற்கு இடம் இல்லை. வெளிநாடுகளில் புவியியல் விஞ்ஞானம் என்று சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் பெரும் பகுதி உங்கள் வீட்டு முதியவர்களின் கையில் இருக்கிறது. ஆரம்பப் பாடசாலையில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மண்ணையும் கல்லையும் தண்ணீரையும் பிள்ளை தொட்டு அறிய வேண்டிய இடம் வீடுதான். அதற்குச் சொந்தக் காணி தேவையில்லை. ஒரு போத்தல், ஒரு தகர ரின், ஒரு தேசிக்காய், ஒரு தடி போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

செய்முறைகளுக்குப் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். எமது மண்ணில் பிள்ளையைத் "தோண்டிப் பார், பொறுக்கி வா" என்று அனுப்ப முடியாது. மிதிவெடி அகற்றும் பணி 2009 இன் பின்னரும் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. வெடிக்காத எறிகணைகள் உழவிலும் கிணறு துப்புரவாக்கும்போதும் கிளம்புகின்றன. ஆகவே மண்ணும் கல்லும் நீங்கள் நாளாந்தம் புழங்கும் வளவிலிருந்து, உங்கள் கையாலேயே எடுக்கப்பட வேண்டும். மண்டையோட்டுப் பலகை நாட்டிய இடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. அறியாத இரும்பு எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லும் பழக்கத்தையும் இந்த விளையாட்டோடு சேர்த்தே பழக்குங்கள். கட்டில்லாத கிணற்றடிக்குப் பிள்ளை தனியே போகக் கூடாது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மண்ணைப் பிரித்துப் பார்த்தல்

அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் போடுங்கள். வேர், கல், குப்பையை முதலில் எடுத்துவிடுங்கள். போத்தல் நிறையும் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டு, சலவைத்தூள் ஒரு சிட்டிகை சேர்த்து, மூடியை இறுக்கி, பிள்ளையிடம் கொடுங்கள். கை சோரும் வரை குலுக்கட்டும். பிறகு யாரும் அசைக்காத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன்மேல் மாப்போன்ற வண்டல் படியும். களி மட்டும் இலேசில் இறங்காது. ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். காலையில் எழுந்தவுடன் பிள்ளை முகம் கழுவ முன் போத்தலடிக்கு ஓடுவதைப் பார்ப்பீர்கள். ஒரு கடதாசித் துண்டைப் போத்தலில் ஒட்டி, ஒவ்வொரு படையின் எல்லையையும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் எது தடிப்பு, எது மெல்லிசு என்று தெரியும்.

நான்கு வயதுப் பிள்ளைக்குப் போத்தலும் தேவையில்லை. ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து முறுக்குத் திரி போல உருட்டச் சொல்லுங்கள். மணல் உதிர்ந்துவிடும். வண்டல் திரியாகும், ஆனால் வளைத்தால் உடையும். களி மோதிரமாகவே வளையும். வவுனியாவின் செங்கபில மண் காய்ந்தால் அலவாங்கையும் திருப்பும். நனைந்தால் காலில் அப்பும். உழுவதற்கு இடையில் கிடைப்பது சில நாட்களே. மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் கைவிரல் போகும் அளவுக்கு வெடித்து மாரியில் மூடிக்கொள்ளும். வலிகாமத்துச் செம்மண்ணில் விட்ட தண்ணீர் நின்று பார்க்காது, இறங்கிவிடும். இவற்றையெல்லாம் பிள்ளைக்குப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டிய குடும்பங்கள் அல்ல எமது வாசகர் குடும்பங்கள்.

செம்மண் ஏன் சிவப்பு என்று பிள்ளை கேட்கும். துருப்பிடித்த ஆணி ஒன்றை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் நிறம் கொடுப்பது இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த பொருளே.

கேத்திலுக்குள் இருக்கும் ஊர்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாகக் கல் படிந்திருக்கும். அதில் சிறிது சுரண்டி ஒரு சிரட்டையில் போட்டு, தேசிக்காய்ப் புளியை நாலு சொட்டு விடுங்கள். நுரைக்கும். முட்டைக் கோதை நொறுக்கிப் போட்டுப் புளி விட்டாலும் நுரைக்கும். சிப்பியிலும் அப்படியே. சுண்ணக்கல்லைச் சற்றுச் சுரண்டித் தூளாக்கி விட்டால் அதுவும் நுரைக்கும். புளியை விட வினாகிரியில் இது நன்றாகத் தெரியும். இனி வவுனியாவில் உடைத்த கருங்கல் துண்டொன்றை எடுத்து அதன்மேல் விடுங்கள். ஒன்றும் நடக்காது.

இந்தச் சிறு சோதனையில் வடபகுதியின் கதை பாதி அடங்கியிருக்கிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மயோசீன் என்று சொல்லப்படும் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலத்தில், ஆழங்குறைந்த கடலில் சிப்பிகளும் முருகைகளும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகள் இறுகி உண்டான கல் அது. அந்தக் கல்லை நம்பியே 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 1990 இன் போரோடு நின்றுபோயிற்று. வவுனியாக் கருங்கல்லோ கடலுயிர்களின் ஓடுகள் அல்ல. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கும் கல். உடைத்த முகத்தை வெயிலில் திருப்பினால் வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று வரிகள் தெரியும். சில துண்டுகளில் காக்காய்ப்பொன் மினுங்கும். பிள்ளைகளுக்கு இந்த மினுக்கம் மிகவும் பிடிக்கும். கோடி ஆண்டுக் கணக்கைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். "அம்மப்பாவின் அம்மப்பாவுக்கும் வெகு காலத்துக்கு முன்பு" என்றால் போதும்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு சுண்ணக்கல்லை ஆண்டாண்டு காலமாகக் கரைத்துத் துவாரங்களும் குகைகளும் செய்கிறது. இதைக் காட்ட ஒரு பனங்கட்டித் துண்டைத் தட்டில் வைத்து, ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். சிறிது நேரத்தில் குழி விழும்; பிறகு குழி துவாரமாகும். (பனங்கட்டி விற்கும் விலையில் இது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். சோதனை முடிந்ததும் பிள்ளை அதைச் சாப்பிட்டுவிடும், வீண் போகாது.) புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலையில் கடலோரத்தில் ஊறும் நன்னீரும் இப்படிச் சுண்ணக்கல் கரைந்த வழிகளால் உண்டானவையே.

உப்பின்மேல் மிதக்கும் நன்னீர்

பிள்ளைகளை விடப் பெரியவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டிய செய்முறை இது. எமது குடும்பங்களில் பல திரும்பிப் போய் மீண்டும் இறைப்பைத் தொடங்கும் காலம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதியளவு தண்ணீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி உப்பை நன்றாகக் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில், ஆறிய தேயிலைச் சாயம் சிறிது வைத்துக்கொள்ளுங்கள். சீனி சேர்க்கக் கூடாது. கரண்டியொன்றைக் கவிழ்த்து உப்பு நீரின் மேற்பரப்பைத் தொடும்படி பிடித்து, அதன் முதுகின்மேல் சாயத்தை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். எமக்கே முதல் தடவை கலந்துதான் போயிற்று. பொறுமையாகச் செய்தால் சாயம் மேலே தனியாக மிதக்கும். உப்பு நீர் பாரம் கூடியது, நன்னீர் பாரம் குறைந்தது. குடாநாட்டின் அடியிலும் இதுவே நிலை. மழையால் இறங்கிய நன்னீர், சுண்ணக்கல்லின் துவாரங்களில், கடலிலிருந்து ஊடுருவிய உவர் நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆகவே அந்த வில்லைதான் குடிநீர், அதுவே தோட்டத்து நீர்.

இப்போது கழுவிய ஸ்ரோ ஒன்றைச் சாயத்துக்குள் வைத்துப் பிள்ளையை மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். (பப்பாசி இலைக் காம்பு விளையாட்டுக்கு நல்ல குழாய், ஆனால் அதில் பால் உண்டு, வாயில் வைக்கக் கூடாது.) முதலில் சாயம் வரும். குழாயின் நுனியைச் சாயத்தின் அடிமட்டம் வரை இறக்கி வேகமாக உறிஞ்சினால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். உப்பு ஏறிவிட்டது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒரு கிணற்றிலிருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீருக்கு மனித உடலே எல்லை போட்டது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கணக்கு. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஓர் அடி இறங்கினால், கீழே உவர் நீர் 40 அடி ஏறக் காத்திருக்கிறது. நீண்ட காலம் இறைக்காமல் கிடந்த கிணற்றைத் துப்புரவாக்குபவர்கள் பெரிய இயந்திரம் பூட்டி ஒரே நாளில் அடி காண இறைப்பதைப் பார்க்கிறோம். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைப்பதும், ஒவ்வொரு முறையும் நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் நல்லது.

பனங்கட்டிச் சோதனையை இங்கே மறுபடி நினைவுபடுத்துங்கள். துவாரமுள்ள கல் மழைநீரை விரைவாக இறக்குகிறது. மலசலகூடக் குழியின் கழிவையும், பாத்திக்கு மிஞ்சிய யூரியாவையும் அதே விரைவில் இறக்குகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கே அதனால் ஆபத்து அதிகம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஊர் திரும்புவோர் கிணற்றைப் பரிசோதிக்காமல் குழந்தைக்கு அந்த நீரில் பால் கரைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வவுனியாக் கருங்கல்லுக்கு இந்த வில்லைக் கதை பொருந்தாது. அங்கே நீர், உக்கிய கல்லின் படையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஒரு கிணறு நிறையத் தர, பத்து அடி தள்ளிய கிணறு வரண்டு கிடப்பது அதனாலேயே. எமது முன்னோர் அங்கே கிணற்றை நம்பாமல் குளம் கட்டினார்கள்.

மழையை அளத்தல்

பால்மா ரின் போன்ற, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர ரின் ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், விழாதபடி கற்களுக்கு நடுவே வையுங்கள். மழை விட்ட மறுநாட் காலை அடிமட்டத்தால் நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, நாட்காட்டியில் அந்தத் தேதியில் எழுதச் செய்யுங்கள். அளந்தவுடன் நீரை ஊற்றிவிட வேண்டும். ரின்னில் தேங்கினால் நுளம்பு முட்டையிடும்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். பெருக்கல் தெரிந்த மூத்த பிள்ளை மிச்சத்தைச் செய்யும். நான்கு மீற்றருக்கு ஐந்து மீற்றர் அளவான தகரக் கொட்டில் 20 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழுவது 500 லீற்றர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் விழும் மழை சராசரி 1250 மில்லிமீற்றர் அளவு. பெரும் பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை. அதே சிறு கூரையில் ஆண்டுக்கு 25,000 லீற்றர்! சிந்தியதும் ஆவியானதும் கழிந்தாலும் ஒரு குடும்பம் குடிப்பதற்கு மேலதிகமாகவே இருக்கும். நாட்காட்டியில் இதைக் கூட்டிப் பார்த்த ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி, பீலி ஒன்று போடும்படி தகப்பனை ஒரு வாரம் நச்சரித்ததை நாம் அறிவோம். தகப்பன் கமுகஞ் சிலாகையால் பீலி போட்டார்.

நிழலை அளத்தல் இதைவிட இலேசு. முற்றத்தில் ஒரு தடியை நேராக நாட்டி, காலை, நண்பகல், மாலை என்று நிழலின் நுனியில் கல் வைத்து வந்தால், நிழல் குறுகி நீளுவதும் திசை மாறுவதும் தெரியும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்பிரல் 14, 15 ஆம் திகதிகளில், யாழ்ப்பாணத்தில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் தடிக்கு நிழலே இராது. ஆவணியில், ஓகஸ்ட் 28 அளவில், சூரியன் தெற்கே திரும்பும்போது இன்னொரு முறை அப்படி நிகழும். பிள்ளையைச் சூரியனைப் பார்க்கவிடாமல் நிலத்தையே பார்க்கச் செய்யுங்கள்.

மீண்டும் அந்தத் தாயிடம்

இந்தச் செய்முறைகளை அவருடைய வீட்டு முற்றத்தில் செய்து காட்டியபோது முதலில் அயற்பிள்ளைகள் கூடினார்கள். தேசிக்காய்ப் புளிக்குக் கல் நுரைத்ததும் சத்தம் கேட்டுப் பெரியவரும் திண்ணையை விட்டு இறங்கி வந்தார். போத்தலில் படிந்திருந்த வளவு மண்ணைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதில களி கூடத் தம்பி. வெங்காயத்துக்கு ஆகாது, கீழை தண்ணி நிண்டு அழுகிப்போம்" என்றார். "அப்ப எதுக்கு ஆகும்?" என்று பேரன் கேட்டான். அவர் அங்கேயே குந்தியிருந்து, எருவும் மணலும் எவ்வளவு கலக்க வேண்டும், பாத்தியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நாம் புறப்படும்போதும் பேச்சு முடியவில்லை.

அடுத்த முறை நாம் போனபோது திண்ணையில் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்று வளவு மண், ஒன்று குளத்தடி மண். மூன்றாவது வெறும் போத்தல். கிணறு துப்புரவாக்க ஊருக்குப் போகும் தகப்பனோடு தானும் போய், அம்மப்பாவின் தோட்டத்து மண்ணை அதற்குள் கொண்டு வரப் போவதாகப் பையன் சொன்னான். தகப்பன் தான் முதலில் போய்க் காணி துப்புரவானதா என்று கேட்டறிந்து, பிறகுதான் பிள்ளையைக் கூட்டிப்போவார். அதுவரை போத்தல் கழுவி, மூடி போட்டு, அங்கேயே இருக்கிறது.